ஏழாம் தேதி ரசீதுகள்

அத்தியாயம் பன்னிரண்டு

ஆண்டிபட்டியிலிருந்து பவுனுவைப் பெண் பார்க்க வருவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த வியாழக்கிழமை காலையில் முனீஸ்வரியின் மனதில் அதுகூட இல்லை. வங்கியில் கடன் கிடைத்துவிடும், கிடைத்துவிடும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பிரியும் சாலையில் ஒன்பது வருடமாக நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறாள். கடைக்குச் சொந்தக்காரரான சுகிர்தம் டீச்சர் இப்போது கோயம்புத்தூருக்கு மகளோடு இருக்கப் போகிறார். "வேற ஆளுக்கு விக்க எனக்கு மனசில்ல. மாசக் கடைசிக்குள்ள பணத்தைப் புரட்டிட்டா கடை உனக்குத்தான்" என்று சென்ற வாரம் சொல்லியிருந்தார்.

ஆனி மாதக் காற்று மேற்கிலிருந்து சாரலை அள்ளிக்கொண்டு வந்தது. மலையைக் காணவில்லை. மலை இருந்த இடத்தில் மேகம் உட்கார்ந்திருந்தது. வெயிலும் சாரலும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. சாலையில் போகிறவர்கள் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல அவளுக்குத் தோன்றியது.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த இளைஞன் விஜய்ராஜ், அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"உங்க சிபில் ஸ்கோர் ஐநூத்தித் தொண்ணூத்தி நாலு அக்கா."

"நல்ல மார்க்கா தம்பி?"

"தொள்ளாயிரத்துக்கு இது. எங்களுக்கு எழுநூறாவது வேணும்."

முனீஸ்வரிக்குச் சுருக்கென்றது. "நான் எந்தத் தவணையும் தவற விட்டதில்லையே. மகளிர் குழுவுல கேட்டுப் பாருங்க. நகையை அடகு வச்சாக்கூட நாள் தப்பாமத் திருப்பிருவேன்."

"உங்க கணக்குல ஒரு குறையும் இல்லக்கா. இது ஒரு ஜீப் கடன். சுருளிராஜன்ங்கிறவருக்கு நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கீக. ஜாமீன் போட்டா அந்தக் கடனும் உங்க பேர்லதான் நிக்கும். அவுக கட்டாட்டி உங்க ஸ்கோர் சேந்து இறங்கும்."

சுருளிராஜன் அவளுடைய தம்பி. அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

மூன்றரை வருடத்துக்கு முன்னால், தவணை கேட்டு வசூல்காரர்கள் கடை வாசலிலேயே வந்து நின்ற ஒரு நாளில், முனீஸ்வரியின் கணவன் நல்லகண்ணு நடுரோட்டில் வைத்து மைத்துனனைப் பேசிவிட்டான். "அக்கா கையெழுத்துல ஜீப் ஓட்டுறவனுக்கு மீசை எதுக்குலே?" சுருளி அப்படியே ஜீப்பை எடுத்துக்கொண்டு மேற்கே போனான். அவ்வளவுதான். தகவல் எதுவும் இல்லை. அவன் மனைவி பவுனு பிறந்த ஊரான கோம்பைக்குப் போகாமல் முனீஸ்வரியோடு தங்கிவிட்டாள். சென்ற தை மாதம் நீதிமன்றம், அவன் வராமலேயே, அவளுக்கு விவாகரத்து கொடுத்தது.

"இங்கன பாருங்க" என்றான் விஜய்ராஜ். "மாசத்துக்கு ஒரு கட்டம். எத்தனை நாள் பாக்கின்னு ஒவ்வொண்ணுலயும் போட்டிருக்கு."

வரிசையாக முப்பத்தாறு கட்டங்கள். நூற்றெண்பதில் தொடங்கி இருநூற்றுப் பத்து, இருநூற்று நாற்பது என்று ஏறிக்கொண்டே போய், அதற்கு மேல் காட்ட வழியில்லாமல் சில மாதம் தொள்ளாயிரத்திலேயே நின்றன. முனீஸ்வரி விரலால் தொட்டுக்கொண்டே போனாள். கடைசிக் கட்டங்களில் விரல் நின்றது.

"இங்கன ஏன் குறையுது?"

விஜய்ராஜ் குனிந்து பார்த்தான். எண்ணூற்று எழுபது. எண்ணூற்று நாற்பது. கடைசியில் எழுநூற்று ஐம்பது.

"யாரோ கட்டுறாகளே அக்கா. மாசம் ரெண்டு ரெண்டு தவணையா, எட்டு மாசமா. நீங்க இல்லையா?"

அவள் இல்லை. நல்லகண்ணுவும் இல்லை. தீபாவளிக்குப் பிறகு வசூல்காரர்களின் போன் வருவது நின்றுபோனது அவளுக்கு நினைவு வந்தது. சலித்துப்போய் விட்டுவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அந்தக் கடனை முடிச்சுட்டு, பாக்கி இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. ஸ்கோர் ஒரே நாள்ல ஏறாது, மூணு நாலு மாசம் ஆகும். ஆனா கடிதம் இருந்தா நான் மேனேஜர்ட்ட பேசிப் பாக்குறேன்."

அவன் சொன்னது அவள் காதில் பாதிதான் விழுந்தது. தம்பி உயிரோடு இருக்கிறான். மாதத்துக்கு ஒரு கட்டமாக மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறான்.

*

தேனியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில், ஜீப்புக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் அலுவலகம் இருந்தது. பஸ்ஸில் வந்த முக்கால் மணி நேரமும் முனீஸ்வரி ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்கவில்லை. ஆனாலும் கேரளாவுக்கு ஏறும் கம்பம்மெட்டு மலைச்சாலையின் வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. சுருளி தோளில் துண்டோடு நடந்து இறங்குகிறான். ஒரு வளைவில் மறைகிறான், அடுத்ததில் தெரிகிறான். முகம் மட்டும் தெரியவில்லை. வீரபாண்டியில் பஸ் குலுங்கியபோது எல்லாம் கலைந்தது.

கவுண்டரில் இருந்த பெண் ஞானசெல்வி ஆதார் அட்டையை வாங்கிச் சரிபார்த்துவிட்டு ஸ்டேட்மெண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"ஜாமீன்தாரர் கேட்டா இதைக் குடுப்போம்க்கா. அசல், வட்டி, அபராதம் எல்லாம் சேத்து இன்னும் முப்பத்தெட்டாயிரத்து நானூறு இருக்கு."

முனீஸ்வரி தொகையைப் பார்க்கவில்லை. தேதிகளைப் பார்த்தாள். நவம்பர் ஏழு. டிசம்பர் ஏழு. ஜனவரி ஏழு. எட்டு வரிகள், எட்டும் ஏழாம் தேதி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரொக்கம் என்றும் கட்டப்பனை கிளை என்றும் அச்சாகியிருந்தது. மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிற ஊர்.

"கட்டப்பனையில யாரு வந்து கட்டுறாக?"

"அது எங்களுக்குத் தெரியாதுக்கா. கடன் எண்ணைச் சொன்னா யாரு வேணாலும் கட்டலாம்."

"போன் நம்பர் இருக்குமே தாயி?"

"இருக்கு. தீபாவளி சமயத்துல மாத்தியிருக்காக. ஆனா அதை நாங்க குடுக்கக் கூடாது." ஞானசெல்வி தயங்கினாள். "உங்களுக்கு என்ன வேணும் அவரு?"

"கூடப் பிறந்தவன்."

அந்தப் பெண் ஸ்டேட்மெண்டின் தேதிகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேஜை மேலிருந்த காலண்டரைத் தொட்டுக் காட்டினாள். "இன்னைக்குத் தேதி ஆறுக்கா."

*

பஸ் நிலையத்தில் குமுளி பஸ் புறப்படத் தயாராக நின்றது. நல்லகண்ணு அதில்தான் கண்டக்டர். மனைவி ஏறுவதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"என்ன சொன்னாக? லோன் உண்டா?"

அவள் ஸ்டேட்மெண்டை நீட்டினாள். அவன் படித்தான். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தான்.

"கட்டப்பனையிலயா இருக்கான்?"

"அப்படித்தான் தெரியுது."

"நாலு மணி நேர ஓட்டம்கூட இல்லையே முனீசு." அவன் குரல் அடங்கிப்போயிருந்தது. "நான் எங்கயோ வடக்க போயிட்டான்னு நினைச்சேன்."

பஸ் நகர்ந்தது. நல்லகண்ணு டிக்கெட் போடப் போனான். உப்புக்கோட்டை விலக்கில் ஒருவருக்குச் சில்லறை கொடுக்காமல் நின்றான். அவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சுதாரித்தான். அவன் அப்படி மறந்து நின்று முனீஸ்வரி பார்த்ததில்லை.

வெளியே வாழைத் தோட்டங்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தன. நனைந்த இலைகளின் மேல் வெயில் நழுவிக்கொண்டே கூட வந்தது.

சின்னமனூர் நெருங்கும்போது அவன் அவள் அருகில் வந்து குனிந்தான். "பவுனுகிட்டச் சொல்லப் போறியா?"

"தெரியல."

"ஞாயித்துக்கிழமை அவுக வர்றாக."

"தெரியும்."

"அந்தப் பேப்பரை ஒரு போட்டோ எடுத்துக்கிடுறேன்" என்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய நிறுத்தம் வந்துவிட்டது.

*

கடையில் பவுனு கொதிக்கும் தேங்காயெண்ணெய்க்கு மேலே சீவுகட்டையை வைத்து நேந்திரங்காயைச் சீவிக்கொண்டிருந்தாள். வில்லைகள் நேராக எண்ணெயில் விழுந்து, முங்கி, மஞ்சளாக மிதந்து வந்தன. ஒரு கை உப்புத் தண்ணீரை வீசினாள். எண்ணெய் பெரிதாக இரைந்து அடங்கியது.

பவுனுவுக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு மாதமாக அவள் நடையே மாறியிருந்தது. ஆண்டிபட்டி செல்வமணி தறிச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். முதல் மனைவி இறந்து நாலு வருடம். உறவினர் ஒருவர் மூலம் பேச்சு வந்தபோது பவுனு முதலில் முடியாது என்றாள். பிறகு ஒரு தடவை போனில் பேசினாள். பிறகு தினமும் பேசினாள்.

"லோன் என்னாச்சு மதினி?"

"இழுக்குது."

"மாசக் கடைசிக்கு இன்னும் நாள் கெடக்கு. கெடைக்கும்." பவுனு கரண்டியால் சிப்ஸை அள்ளி வடித்தாள். "செவப்புச் சேலையா, பச்சையான்னு கேட்டேனே, நீங்க சொல்லவே இல்ல. அவரு சேலைய எல்லாம் பாக்க மாட்டாராம். எனக்குப் பேச வராது, நீங்களே பேசிருங்கன்னாரு. போன்ல எப்படிச் சிரிப்பு காட்டுறாருங்கிறீக!"

முனீஸ்வரி முக்காலியில் உட்கார்ந்தாள். மலைக்குப் போகும் வேன் ஒன்று நின்றது. நான்கு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். சாரல் கூரைத் தகரத்தில் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். ஞாயிறு போகட்டும், கல்யாணம் முடியட்டும், யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பவுனுவின் முகத்தைப் பார்த்தாள். பின்னால் ஒரு நாள் தெரிந்தால் இந்த முகத்தை எப்படி நேருக்கு நேர் பார்ப்பது?

"பவுனு, அடுப்பை அணை."

"ஒரு ஈடு பாக்கி இருக்கு மதினி."

"அணைச்சுட்டு வா."

ஸ்டேட்மெண்டை அவள் கையில் கொடுத்தாள். பவுனு எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதலில் புரியவில்லை. முனீஸ்வரி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். எட்டு மாதம், ஏழாம் தேதி, கட்டப்பனை.

பவுனு அழுவாள் என்று முனீஸ்வரி எதிர்பார்த்தாள். பவுனு அழவில்லை. தாளைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேகம் சாலை வரைக்கும் இறங்கி வந்திருந்தது. எதிரே இருந்த புளியமரம் பாதிதான் தெரிந்தது.

"தீபாவளிக்கு எனக்கு டைபாய்டு" என்றாள் கடைசியில். "பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். நீங்கதான் கஞ்சி கொண்டாந்தீக. அந்த மாசம் அவரு ஃபைனான்ஸுக்கு ரெண்டு தவணை கட்டியிருக்காரு."

"அவனுக்கு எப்படித் தெரியும் ஆத்தா?"

"தெரியாதுதான். தெரிஞ்சுக்கிடணும்னு நினைச்சிருந்தா ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" குரல் உயரவில்லை. "ஃபைனான்ஸ்காரனுக்குத் தேதி தப்பாமக் கட்டுறாரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே மதினி. உங்க கையெழுத்துக்குப் பதில் சொல்லியாச்சு. என் கழுத்துல கட்டுனதுக்கு?"

முனீஸ்வரி தம்பிக்காகப் பேச வாய் எடுத்தாள், முடியவில்லை. அக்கா பெயர் கெட்டுவிடக் கூடாது என்று எங்கோ ஒரு ஊரில் அவன் உழைத்துக் கட்டுகிறான் என்று காலையிலிருந்து நெஞ்சுக்குள் ஓர் இனிப்பு இருந்தது. அது இப்போது கசந்தது.

"ஏன் சொன்னீக?" என்று கேட்டாள் பவுனு. "ஞாயித்துக்கிழமை கழிச்சுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். அப்புறம் நீ என்னை மதினின்னு கூப்பிடுவியா?"

பவுனு தாளை நான்காக மடித்தாள். அடுப்பை மறுபடியும் பற்ற வைத்தாள். மிச்சம் இருந்த காய்களை எல்லாம் சீவி முடித்தாள். ஒரு வில்லைகூடக் கருகவில்லை.

*

ஆறரை மணிக்கெல்லாம் நல்லகண்ணு வீட்டுக்கு வந்துவிட்டான். சாயங்கால நடை ஒன்று பாக்கி இருக்கும்போதே பையை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சட்டைப் பைக்குள்ளிருந்து பாலிதீன் உறை ஒன்றை எடுத்து முனீஸ்வரியிடம் நீட்டினான்.

"என்ன இது?"

"படிச்சுப் பாரு."

ரசீது. முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். கணக்கு முடிக்கப்பட்டது.

"கடிதம் திங்கட்கிழமை தருவாகளாம். நீ அதை பேங்க்ல குடு. கடையை வாங்கு." நல்லகண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "பஸ் ஓனர்ட்ட முன்பணம் கேட்டேன். எதுக்குன்னு கேட்டாரு. ஒருத்தனை நடுரோட்டுல வச்சு அசிங்கமாப் பேசிட்டேன், அதுக்குன்னேன். வேற எதுவும் கேக்காமக் குடுத்துட்டாரு."

முனீஸ்வரி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றரை வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவன் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. கடை கைக்கு வந்துவிடும். மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் வேறு ஏதோ ஒன்று மெதுவாக அவளுக்குள் உறைத்தது.

"நாளைக்கு அவன் கட்ட வருவானே. கட்ட ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பிருவாகளே?"

நல்லகண்ணு நிமிர்ந்தான். அவன் அதை யோசித்திருக்கவில்லை.

"நாளைக்குத்தான் தெரியணும்னு இல்ல முனீசு. கணக்கை முடிச்ச உடனே, கடன் யாரு பேர்ல இருக்கோ அவுகளுக்கு மெசேஜ் போயிரும்னு கவுண்டர்ல இருந்த பிள்ளை சொல்லுச்சு."

"அப்ப நாளைக்கு வரவே மாட்டான்."

கட்டப்பனையில் அந்தக் கவுண்டர் ஒன்றுதான் அவனுக்கும் இவர்களுக்கும் நடுவே இருந்த கயிறு. நல்ல மனதோடு நல்லகண்ணு அதை அறுத்துவிட்டான்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த பவுனு கேட்டாள். "எத்தனை மணிக்குக் கட்டுனீக அண்ணே?"

"நாலே முக்கால்."

"அப்ப ரெண்டு மணி நேரமா அவருக்குத் தெரியும்."

"தெரியும் தாயி. நான் இதை நினைச்சுப் பாக்கல..."

"வருவாரு" என்றாள் பவுனு. அவள் குரலில் சந்தேகமே இல்லை. "எனக்கு அவரைத் தெரியும். ஊரான் காசுல ஒரு டீ குடிச்சாக்கூட அவருக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது. யாரோ கட்டிட்டாகன்னு மெசேஜ் வந்தா, யாரு கட்டுனதுன்னு கேக்காம இருக்க மாட்டாரு. கவுண்டர் திறக்கும்போதே அங்கன நிப்பாரு."

நல்லகண்ணு அவளையே பார்த்தான்.

"கட்டப்பனைக்குக் காலையில முத பஸ் எப்பண்ணே?"

"கம்பத்துல அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு இருக்கு. கம்பம்மெட்டு வழியாப் போகும்." அவன் எழுந்துவிட்டான். "நானும் வாரேன் தாயி. அவன்ட்ட நான் ஒரு வார்த்தை பேசணும்."

"நீங்க பேச வேண்டியதை வேற ஒரு நாள் பேசுங்க. நாளைக்கு வேண்டாம்."

"ஞாயித்துக்கிழமைக்கு அவுகளுக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டான் நல்லகண்ணு.

"ஒண்ணும் சொல்லாதீக. வரட்டும். வரச் சொன்னது நான்தானே."

அவள் எதற்காகப் போகிறாள் என்று முனீஸ்வரிக்குத் தெரியவில்லை. சண்டை போடவா, கூட்டிவரவா, கல்யாணச் செய்தி சொல்லவா? ஒருவேளை பவுனுவுக்கே இன்னும் தெரியவில்லையோ என்னவோ. ஜன்னலுக்கு வெளியே மேற்கே மேகம் கொஞ்சம் விலகி, மலையின் ஒரு தோள் மட்டும் நீலமாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி மூடிக்கொண்டது.

"முனீசாவது கூட வரட்டுமே" என்றான் நல்லகண்ணு.

பவுனு முனீஸ்வரியைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவனை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட முனீஸ்வரியின் உடம்பு முழுவதும் தவித்தது. பஸ்ஸில் கண்ணுக்குள் வந்த அந்த முகமில்லாத உருவத்துக்கு ஒரு முகம் வேண்டும். நாளைக்குக் காலை கவுண்டர் திறக்கும் ஒன்பதரை மணிக்கு அது கிடைக்கலாம்.

"இல்லங்க. அவ மட்டும் போகட்டும்" என்றாள். பிறகு பவுனு பக்கம் திரும்பினாள். "எளைச்சிருக்கானா, நல்லா இருக்கானா, அதை மட்டும் வந்து சொல்லு பவுனு."

"சொல்றேன் மதினி." பவுனு அவள் கையைப் பிடித்தாள். "அவர்ட்ட நான் என்ன பேசுனேன்னு மட்டும் கேக்காதீக."